போமட் அடிக்க முன் ஒரு கேள்வி



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய கல்யாண சீடி, பயான் சீடி, பிள்ளைகளின் கலைவிழா டீவீடி வைத்திருப்பவர்களாவது கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருக்கிறார். அவருடைய கணவர் ஓர் ஆசிரியர். ஓய்வுபெற்ற அன்று பாடசாலையில் நடந்த பிரியாவிடையை யாரோ வீடியோ எடுத்து டீவீடியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவர் மௌத்தாகி நாலு வருடம். குரல் கேட்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் மாமி அந்த டீவீடியைத்தான் பழைய லெப்டொப்பில் போட்டுப் பார்ப்பார். மகன் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்து போன பிறகு, டீவீடியைப் போட்டால் படம் ஓடவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு பக்கமாகப் பிரிந்த ஏதோ ஒரு பெட்டி திறந்தது. மகன் இருந்த நாட்களில் ஏதோ சீடிக்குக் கொப்பி அடிக்கவென்று இறுவட்டு எழுதும் மென்பொருள் ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

மாமி லெப்டொப்பைக் கடைக்குக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து 3,000 ரூபா கொடுத்து வாங்கி வந்தார். வந்து பார்த்தால் டீவீடி அப்போதும் ஓடவில்லை. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்.

"மகள், கடைல போமட் அடிச்சிட்டாங்களாம். டீவீடியும் பழுதாம் எண்டு செல்றாங்க. இதுக்குள்ள இரிந்த போட்டோ ஒண்டையும் காணல்ல."

டீவீடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கீறல் இல்லை. என்னுடைய லெப்டொப்பில் போட்டேன், ஓடியது. மாமி என் பக்கத்தில் கதிரையில் இருந்து முழுவதையும் பார்த்தார். நான் எழும்பிப் போய்த் தேநீர் ஊற்றினேன்.

பழுதாகாத ஒன்றைத் திருத்துவதற்காக, வேறெங்கும் பிரதி இல்லாத படங்கள் அழிக்கப்பட்டன. திருத்தக் கொடுத்த அந்தப் பிரச்சினையும் தீரவில்லை. இதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

முதலில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். தரம் 10 பிள்ளைக்குச் சொல்வது போலத்தான் சொல்வேன், யாரும் குறை நினைக்க வேண்டாம்.

நாம் இறுவட்டைப் போட்டதும் வின்டோஸ் அதற்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறது. வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறை இருந்தால் இது டீவீடி படம். ஒலித்தடங்கள் மட்டும் இருந்தால் ஓடியோ சீடி. ஒன்றும் இல்லையென்றால் வெற்று இறுவட்டு. இப்படி இனம் பிரித்த பிறகு தன்னிடம் உள்ள ஒரு பட்டியலைப் பார்க்கிறது. இந்த இனத்துக்கு இந்த மென்பொருளைத் திற என்று அதில் இருக்கும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஓட்டோபிளே. புதிதாக ஒரு மென்பொருளை நிறுவும்போது அது சத்தமில்லாமல் இந்தப் பட்டியலில் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளும். அல்லது நாமே, திரையில் வரும் பெட்டியில் 'எப்போதும் இதையே செய்' என்ற சதுரத்தில் வாசிக்காமல் சரி போட்டுவிடுவோம். அடுத்த முறை தவறான வாசல் திறக்கும். இயந்திரம் பழுதாகவில்லை. நாம் சொன்னதைச் சொன்னபடி செய்கிறது.

ஒரே வீட்டில் இரண்டு கிராஅத் சீடி இருக்கும். ஒன்றைப் போட்டால் ஒரு மென்பொருளும் மற்றதைப் போட்டால் வேறொன்றும் திறக்கும். "கொம்பியூட்டருக்கு என்னவோ புடிச்சிரிக்கி" என்று சொல்லிக் கொண்டுவந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஒன்று ஓடியோ சீடி, அதில் 80 நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. மற்றது எம்பி3 கோப்புகள் போட்ட தரவு இறுவட்டு. அதில் மணிக்கணக்கில் கொள்ளும். நமக்கு இரண்டும் கிராஅத். வின்டோஸுக்கு அவை வேறு வேறு இனம், பட்டியலில் வேறு வேறு வரி.

திருத்துவது எப்படி? வின்டோஸ் 7, 10 இரண்டிலும் கொன்ட்ரோல் பெனலைத் திறந்து ஓட்டோபிளே என்பதற்குள் போங்கள். டீவீடி, ஓடியோ சீடி, வீடியோ சீடி, வெற்று இறுவட்டு என்று வரி வரியாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெட்டி. அதை அழுத்தினால் என்னென்ன செய்யலாம் என்று விரியும். விரும்பிய மென்பொருளைத் தெரிந்து சேமியுங்கள். என்னிடம் கேட்டால் 'ஆஸ்க் மீ எவ்ரி டைம்' என்பதைப் போட்டுவிடச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் திறக்கும். குழம்பிப் போய்விட்டால் பக்கத்தின் அடியில் 'ரீசெட் ஒல் டிஃபோல்ட்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எல்லாத் தெரிவுகளும் பழைய நிலைக்குப் போகும். உங்கள் கோப்பு ஒன்றும் அழியாது.

வின்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் பலர் செட்டிங்ஸுக்குள் போய்த் தேடிவிட்டு, "அப்புடி ஒண்டும் இல்ல டீச்சர்" என்கிறார்கள். அங்கும் ஓட்டோபிளே இருக்கிறதுதான். ஆனால் அதில் பென்டிரைவ், மெமரி கார்ட் மாதிரியானவைதான் இருக்கும். இறுவட்டுக்கான வரிகள் கொன்ட்ரோல் பெனலில்தான் இருக்கின்றன. இப்படி இரண்டு இடத்தில் வைத்தது யாருடைய யோசனையோ. சில அலுவலகங்களில் இன்னும் எக்ஸ்பி ஓடுகிறது. அதில் மை கொம்பியூட்டரைத் திறந்து, டிரைவின் மீது வலது கிளிக் செய்து, புரொப்பர்ட்டீஸுக்குள் ஓட்டோபிளே என்ற பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இறுவட்டைப் போட்டதும் திறப்பது வேறு, உள்ளே இருக்கும் ஒரு கோப்பை இரட்டைக் கிளிக் செய்யும்போது திறப்பது வேறு. பாட்டுக் கோப்பை அழுத்தினால் நோட்பேட் திறந்து கிறுக்கெழுத்து வருகிறதென்றால் ஓட்டோபிளேயை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை. அந்தக் கோப்பின் மீது வலது கிளிக், 'ஒப்பின் வித்', சரியான மென்பொருளைத் தெரிந்து, 'எப்போதும்' என்ற சதுரத்தில் சரி. இங்கே மட்டும் அந்தச் சதுரம் நமக்கு உதவி செய்கிறது.

சரி, மாமியின் லெப்டொப்புக்கு வருவோம். அதில் முன்பு இருந்தது வின்டோஸ் 7. அதனோடு வந்த மீடியா பிளேயரே டீவீடியை ஓட்டிக்கொண்டிருந்தது. கடையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வின்டோஸ் 10 போட்டிருக்கிறார்கள். 2012இல் வந்த வின்டோஸ் 8இலிருந்தே மைக்ரோசொப்ட் மீடியா பிளேயரில் டீவீடி படம் ஓட்டும் வசதியை எடுத்துவிட்டது. வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆக, முன்பு தவறான மென்பொருள் திறந்தது, இப்போது சரியான மென்பொருளே இல்லை. 'டீவீடி பழுது' என்ற முடிவு வந்த கதை இதுதான். வி.எல்.சி. பிளேயரைப் போட்டேன். இலவசம். பிரான்சில் மாணவர்கள் 1996இல் தொடங்கிய வேலை அது, இன்றைக்கும் விளம்பரம் இல்லாமல் டீவீடி, பழைய வீடியோ சீடி எல்லாவற்றையும் ஓட்டுகிறது. பிறகு ஓட்டோபிளே பட்டியலில் டீவீடிக்கு எதிரே அதைத் தெரிந்துவிட்டேன். முதல் நாளே இதைச் செய்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை.

படங்களை மீட்கப் பார்த்தேன். போமட் அடித்த உடனே கணினியை நிறுத்தி வைத்திருந்தால் வன்தட்டில் பழைய தரவு பெரும்பாலும் அப்படியே கிடந்திருக்கும், தேடி எடுக்கும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் அதன் மேலே புதிய வின்டோஸ் ஏறியிருந்தது. போதாததற்கு, அன்பளிப்பாகப் பத்துப் பன்னிரண்டு சினிமாப் படங்களையும் கடையில் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். நம் ஊரில் அது ஒரு வழக்கம், உங்களுக்கும் தெரியும். அந்தப் படங்கள் போய்க் குந்திய இடத்தில்தான் மாமியின் குடும்பப் படங்கள் இருந்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட அறுபது படம் எடுத்தேன். அதில் பல, மேல் பாதி தெரிந்து கீழ் பாதி சாம்பல் நிறமாக இருந்தன. பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் ஒரு படத்தில் அவருடைய தொப்பியும் நெற்றியும் மட்டும் வந்தன. மாமி அதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. கடைக்காரருக்கு ஒரு பாடம் எடுக்கலாம் என்றுதான் அன்று பின்னேரம் போனேன். போனால், வேலை செய்த தம்பி என்னிடம் தரம் 11 வரை தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்தவன்! எழும்பி நின்று, "டீச்சர், நீங்கதானே செல்லித் தந்தீங்க, ஒண்டும் வெளங்காட்டி போமட் அடிச்சிட்டா சரி எண்டு" என்றான். பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் பொய் இல்லை. கணினி அறையில் ஒரு மெசின் மக்கர் பண்ணினால் நான் அதைத்தான் செய்வேன். முப்பத்தைந்து பிள்ளைகளுக்குப் பத்து மெசின், நாற்பது நிமிடப் பாடவேளை. காரணத்தைத் தேடிக்கொண்டிருக்க நேரம் ஏது? பிள்ளைகள் என் வாயைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறார்கள்.

இதைவிட மோசமான ஒன்றும் என் கணக்கில் இருக்கிறது. கல்வியியற் கல்லூரியை முடித்து முதல் நியமனம் கிடைத்த புதிதில், தரம் 11 பிள்ளைகளின் நிகழ்த்துகை வேலைகளையெல்லாம் மீள எழுதக்கூடிய ஒரே ஒரு இறுவட்டில் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு மெசினில் எந்த இறுவட்டைப் போட்டாலும் எழுதும் மென்பொருள்தான் திறக்கும். 'எப்போதும்' என்று சரி போட்டது நான்தான், ஏதோ அவசரத்தில். ஒரு பிள்ளை அந்த இறுவட்டைப் போட்டது. பெட்டி திறந்தது. கோப்பைத் திறக்கிறோம் என்று நினைத்து ஏதோ பொத்தானை அழுத்தியது. 'இதில் தரவு இருக்கிறது, அழிக்கவா?' என்று ஆங்கிலத்தில் கேட்டது. என் வகுப்பில் பிள்ளைகள் பழகியிருந்தது எந்தப் பெட்டி வந்தாலும் 'யெஸ், யெஸ், நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' தான். ஒரு தவணை முழுக்கச் செய்த வேலை ஒரு நிமிடத்தில் போனது. அந்தப் பிள்ளை அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நான் அன்று அவளைத்தான் ஏசினேன். பட்டியலை மாற்றி வைத்தது நான் என்று அவளிடம் சொல்லவில்லை. இப்போது அவள் இரண்டு பிள்ளைகளின் தாய், இந்தப் பதிவை வாசித்தாலும் வாசிப்பாள். மன்னித்துக்கொள் மகள்.

ஆகவே தவறான மென்பொருள் திறப்பது வெறும் எரிச்சல் மட்டும் இல்லை. திறப்பது எழுதும் மென்பொருளாக இருந்து, உள்ளே இருப்பது மீள எழுதக்கூடிய வகையாக இருந்தால் அது ஆபத்து. இறுவட்டின் முகத்தில் 'ஆர்டபிள்யூ' என்று அச்சிட்டிருந்தால் அது அழியக்கூடியது. வெறும் 'ஆர்' மட்டும் என்றால் எழுதியதை அழிக்க முடியாது. இன்னொரு நிலைமையும் உண்டு. கமெராக்காரர் சிலர் இறுவட்டை எழுதிவிட்டு ஃபைனலைஸ் செய்யாமல் கொடுத்துவிடுவார்கள். எழுதிய கருவியில் ஓடும், கணினியில் போட்டால் வெற்று இறுவட்டு மாதிரித் தெரியும். அப்போது எழுதும் மென்பொருள் திறப்பது பட்டியலின் பிழை இல்லை. வின்டோஸ் உண்மையிலேயே அதை வெற்று என்றுதான் நினைக்கிறது. எதையும் அழுத்தாமல் வெளியே எடுத்துவிடுங்கள்.

எது பிழை என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. அதே மெசினில் அதே வகையான வேறொரு இறுவட்டைப் போடுங்கள். அதே இறுவட்டை வேறொரு மெசினில் போடுங்கள். எல்லா டீவீடிக்கும் ஒரே தவறான பெட்டி வந்தால் அது பட்டியல். ஒன்றுக்கு மட்டும் வந்தால் அந்த இறுவட்டு. எதைப் போட்டாலும் கரகரவென்று சுற்றிவிட்டு நின்றால் டிரைவின் லென்ஸ். மூன்றில் ஒன்றுக்கும் போமட் மருந்து இல்லை.

இந்தத் தானாகத் திறக்கும் பழக்கம் வின்டோஸ் 95 காலத்தில் நம்முடைய வசதிக்காக வந்தது. இறுவட்டிலேயே 'என்னைப் போட்டால் இதை ஓட்டு' என்று எழுதி வைக்கும் ஓட்டோரன் கோப்பும் அதோடு வந்தது. 2005இல் சொனி பி.எம்.ஜி. நிறுவனம் விற்ற சில பாட்டு சீடிகள், கணினியில் போட்டதும் ஒளிந்துகொள்ளும் ஒரு மென்பொருளை நிறுவுவதை மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் வெளிக்கொண்டுவந்தார். சீடிகளை நிறுவனம் திரும்பப் பெற வேண்டி வந்தது. 2008இல் பரவத் தொடங்கிய கொன்ஃபிக்கர் வைரஸுக்கும் பென்டிரைவ் வழியாகப் பாய இதே ஓட்டோரன்தான் ஒரு வாசலாக இருந்தது. 2009இல் வந்த வின்டோஸ் 7இல் பென்டிரைவுக்கு அதை மூடினார்கள். 2011இல் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் மூடினார்கள். இறுவட்டுக்கு மூடவில்லை. அதனால் சந்தேகமான சீடியைப் போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பி போன்ற பழைய வின்டோஸில் தானாக எதுவும் திறக்காது.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. நம் வீட்டு லெப்டொப்பில் கல்யாணப் படம், வீட்டுக்குள் எடுத்த படம், குடும்பத்தவர் அனுப்பிய குரல்பதிவு எல்லாம் கிடக்கின்றன. ஒரு சிறிய தெரிவை மாற்றத் தெரியாததற்காக அதை முழுமையாக ஒருவர் கையில் இரண்டு நாள், ஒரு வாரம் என்று விட்டுவிட்டு வருகிறோம். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். யாருக்கும் தெரியாத ஒருவரை வீட்டு அலுமாரித் திறப்போடு வீட்டில் விட்டுவிட்டுப் போவோமா? "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்தக் கம்பி வேலை" என்று சொல்லும் வாப்பாமார் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இது கம்பி வேலை இல்லை. திரையில் எழுதியிருப்பதை வாசிக்கிற வேலை.

கடைக்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஐந்து நிமிட வேலைக்கு யாரும் காசு தருவதில்லை என்பது அவர்களுடைய நியாயம். ஓட்டோபிளே மாற்றிவிட்டு 500 ரூபா கேட்டால், "இதுக்கா ஐநூறு?" என்று நாம் கேட்போம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு 3,000 கேட்டால் பேசாமல் கொடுக்கிறோம். நாம்தான் அவர்களுக்கு இந்தப் பழக்கத்தைக் கொடுத்திருக்கிறோம். ஐநூறைக் கேட்டால் கொடுங்கள், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்ததற்கான கூலி அது. அந்தத் தம்பியிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். போமட் அடிக்க முன் வீட்டுக்காரருக்கு ஒரு கோல் எடுத்து, "உள்ளே என்ன இருக்கு, கொப்பி இருக்கா?" என்று கேள். பதில் வரும் வரை கை வைக்காதே. "சரி டீச்சர்" என்றான். மாமியிடம் வாங்கிய காசில் 2,000ஐத் திருப்பியும் கொடுத்தான். நான் கேட்கவில்லை, அவனாகவே கொடுத்தது.

பாடத்திலும் இதைச் சேர்த்திருக்கிறேன். பணிசெயல் முறைமை பற்றிய அலகு வரும்போது, அதன் தொழில்கள் என்று பரீட்சைக்கு எழுதுவதை எழுதிவிட்டு, ஒரு பாடவேளை முழுக்க ஒரு மெசினில் வேண்டுமென்றே பட்டியலைக் குழப்பி வைக்கிறேன். பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். 'யெஸ்' அழுத்த முன் பெட்டியில் உள்ளதைச் சத்தமாக வாசித்து, தமிழில் என்ன என்று சொல்ல வேண்டும். போன வாரம் ஒரு குழு பன்னிரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தது. ஒரு குழு போமட் அடிக்கலாமா என்று கேட்டது.

கடைசியாக, இதைவிட அவசரமானது. நீங்கள் வைத்திருக்கும் இறுவட்டுகள் நிரந்தரம் இல்லை. வீட்டில் எழுதும் 'ஆர்' வகை இறுவட்டில் தரவு இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயில், சூடு, ஈரம் மூன்றும் அதற்கு எதிரி. நம் கரையோர வீடுகளில் மூன்றுக்கும் குறைவில்லை. புதிதாக வரும் லெப்டொப்பில் இறுவட்டுப் போடும் இடமே இருப்பது அரிது. டிரைவ் உள்ள மெசின் ஒன்று வீட்டில் வேலை செய்யும்போதே பிரதி எடுத்துவிடுங்கள். ஒரு சாதாரண டீவீடி 4.7 ஜிபி, சீடி 700 எம்பி. ஒரு 32 ஜிபி பென்டிரைவில் ஆறு டீவீடி கொள்ளும். வீட்டில் எழுதிய டீவீடி, தரவு இறுவட்டு என்றால் கோப்புறையைத் திறந்து, இழுத்துப் போட்டால் போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

மாமியுடையதை இரண்டு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஒன்று மகனுக்கு, போகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறாராம்.

சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு மஃரிப் வரை நான் வீட்டில்தான். தவறான பெட்டி திறக்கிற லெப்டொப்பை ஒழுங்கையில் உள்ள ராத்தாமார், மாமிமார் கொண்டு வரலாம். நான் செய்து தரமாட்டேன், பக்கத்தில் இருந்து சொல்லித் தருவேன், நீங்கள்தான் அழுத்த வேண்டும். சார்ஜரை மறக்காமல் கொண்டு வாருங்கள், போன முறை வந்த மூன்று பேரில் இரண்டு பேர் மறந்துவிட்டார்கள்.